முதல் ஆட்டம்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். தாடி எடுக்க மட்டும் அடம்பிடிக்கிறார், காலமெல்லாம் ஊருக்கே சவரம் செய்த மனுஷன். அவருடைய காய்ப்பலகையை நேற்று எடுத்துத் துடைத்தேன்.

சலூனில் காத்திருப்பவர்களோடு ஆடுவாரே, அதுதான். எதிராளியின் காய்கள் நகர வழியில்லாமல் மடக்கினால் ஜெயம். முடிவெட்ட முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். புதிதாக வருகிறவரை முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே ஜெயிக்க விடுவார். "நல்லா ஆடுறீங்க, அடிக்கடி வாங்க" என்பார். முடி வளர்ந்ததும் அந்த ஆளும் வந்து நிற்பார்.

நம்மிடம் மட்டும் அவருக்கு அந்தத் தாராளம் கிடையாது. சின்னப் பிள்ளையில் நீ தோற்றுப்போய் ஏங்கி ஏங்கி அழுதபோதுகூட, "வீட்டு ஆளுக்கு எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?" என்றாரே, ஞாபகமிருக்கிறதா? கல்யாணமானதிலிருந்து நானும் ஜெயித்ததில்லை.

"அப்பாவுக்கு உன்னை அடையாளம் தெரியுதாம்மா?" என்று காலையில் போனில் கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

நேற்று சாயங்காலம் இருவரும் ஆடினோம். நான் தப்பும் தவறுமாகத்தான் நகர்த்தினேன். அவர் தன் கடைசிக் காயைத் தானே மூலையில் கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே காய்களை அடுக்கினார்.

"நல்லா ஆடுறீங்க. அடிக்கடி வாங்க."

"சரிங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டேன்.

லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன்னையும் ஜெயிக்க விடுவார்.

உன் அம்மா