அம்மாவின் முழங்கால் அளவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு யாவரும் நலம் என்று வழக்கம்போல் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே தெரியும் மசி அதுதான்.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டில் தேய்ந்த உட்பக்கத்தை மட்டும் ஆபரேஷன் செய்து மாற்றினார்கள், எல்லாம் சரியாகப் போகிறது என்று போனில் சொல்லிவந்தேனே, அது முதல் பத்து நாளுக்குத்தான் உண்மை. பிறகு மூட்டுக்குள் கிருமி சேர்ந்துவிட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை மறுபடி திறந்து, கழுவி, உள்ளே வைத்த பிளாஸ்டிக் துண்டை மாற்றினார்கள். ஆறு வாரம் ஊசி மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டு முழு மூட்டையும் மாற்ற வேண்டிவருமாம். பதறாதே, காய்ச்சல் இறங்கிவிட்டது, நேற்று வாக்கரைப் பிடித்துக் கழிப்பறை வரை நடந்தாள்.

இனி எழுதுவதுதான் கடினம். முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், தினமும் காலையில முழங்காலைச் சுத்தி டேப் வச்சு அளந்து எழுதுங்க, வீக்கம் கூடினா உடனே கூப்பிடுங்க என்றார். தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் அளவு பார்த்தவனிடம் சொன்னால் கேட்க வேண்டுமா. கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். அங்கே செய்தபடியே மூன்று முறை அளப்பது, ஒத்துவராததைக் கைப்பிழை என்று தள்ளிவிட்டு மற்ற இரண்டுக்கும் சராசரி எழுதுவது. பதினோராம் நாள் முப்பத்தொன்பது சென்டிமீட்டர். பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை நாற்பத்தொன்று வந்தது. நான்தான் தொளதொளவென்று பிடித்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு, இறுக்கிப் பிடித்து இரண்டு முறை அளந்தேன், முப்பத்தொன்பதரை. பெரியதைத் தள்ளினேன். நான்கு நாள் அப்படியே தள்ளினேன். தள்ளியதையும் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன் பாப்பா, அதுதான் என்னைத் தின்கிறது. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றரை, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டரை.

அம்மா சொல்லாமல் இல்லை. உள்ளே அடுப்பு வச்ச மாதிரி எரியுதுங்க, அந்த நோட்டை மூடிட்டு என் மூஞ்சியைப் பாருங்க என்றாள். டாக்டரைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் என்ன நினைப்பாரோ என்று எனக்குக் கூச்சம். திங்கட்கிழமை தையலோரம் கசிந்த பிறகுதான் ஓடினேன். நாலு நாள் முன்னாடியே வந்திருக்கலாமே பெரியவரே என்று டாக்டர் மெல்லத்தான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்றும் உண்டு. லீவு போட்டு வரட்டுமா என்று அந்தச் சனிக்கிழமை நீ போனில் கேட்டபோது, அம்மா தூங்குகிறாள், நீ அலைய வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள் என்றேன். அவள் தூங்கவில்லை. வரச்சொல்லுங்க, வரச்சொல்லுங்க என்று கட்டிலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நானாகத்தான் சொன்னேன்.

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னாடி இந்த மனுஷன் என்னைப் பார்க்க மூணு தடவை வந்தாரு, சராசரி எடுக்கத்தான் போல என்று இங்கே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் சொல்ல, நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இன்று கட்டு மாற்றும்போது ஒரே முறை அளந்தேன். நாற்பத்தொன்று. இன்னொரு தரம் அளக்கக் கை பரபரத்தது, டேப்பை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

நீ வா. முடிந்தால் என்று எழுத மாட்டேன். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காதே, இனி போனில் நான் நலம் என்றால் அதோடு விடாதே, அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா