பெரிய திரையின் இடது ஓரம்

செவ்வாய், இரவு.

தேனாம்பேட்டை அலுவலகத்தில் என் இரண்டு மானிட்டர்களையும் எடுத்துவிட்டு ஒரே பெரிய திரையை வைத்தான் சுரேஷ். என்னிடம் வேலை கற்றவன், இன்று எனக்கு மேலதிகாரி. மாலையில் புரோகிராமை ஓடவிட்டபோது இடது ஓரத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்ததாம். நான் பார்க்கவில்லை.

“இன்னா சார், இவ்ளோ பெருசா கீது, தெரியலையா? வீட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

முன்பெல்லாம் இடது மானிட்டருக்காகக் கழுத்தைத் திருப்புவேன். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

வீட்டில் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு காலண்டரை நேராகப் பார்த்தேன். இரண்டு முறையும் இடப்பக்கத்துக் கதவு இல்லை. “என்ன பண்றீங்க?” என்று அங்கிருந்து கேட்ட மனைவியும் இல்லை, குரல் மட்டும் வந்தது. கழுத்து வலி என்றேன்.

இந்தப் பெரிய திரையா, பழைய இரண்டு மானிட்டர்களா, எது வேண்டும் என்று நாளை சுரேஷிடம் சொல்ல வேண்டும். இரண்டு என்றால் காரணம் கேட்பான். என்னை வேலையைவிட்டு அனுப்ப ஒரு காரணத்துக்காகத்தான் அவன் காத்திருக்கிறான்.