ஒற்றை மரச்செருப்பு

பிப்ரவரி 3, 1847

மழை விடவில்லை. அப்பாவின் கடையில் மருந்து மடிக்கும் காகிதத்தில் எழுதுகிறேன். முந்தாநாள் என் கவிதைகளையெல்லாம் அவர் அடுப்பில் போட்டுவிட்டார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

"எழுதுற பொண்ணை எவன் கட்டுவான், எர்மிதாஸ்? இன்னொரு தடவை பேனாவோட பார்த்தேன், நேரா சாந்தியாகோ கன்னியர் மடத்துக்குத்தான். உன் அத்தை அங்க சாவியோட காத்திருக்கா."

அம்மா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாளோ?

பிப்ரவரி 5

பள்ளியில் நாள் முழுக்கப் பின்னல். கன்னியாஸ்திரீ என் விரலில் மையைப் பார்த்தாரோ? எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன். தோல்தான் எரிகிறது.

பிப்ரவரி 11

எரிந்ததில் ஒன்று மட்டும் மனப்பாடம் – சித்தப்பாவைப் பற்றி நான் எழுதிய பாட்டு. அவர் படகு திரும்பவில்லை. மரச்செருப்பு ஒன்று மட்டும் கரை ஒதுங்கியது. அப்பா அதைத் தன் கட்டிலடியில் வைத்திருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

இன்று சந்தையில் பாட்டுக்காரக் குருடர் அமாரோ தனியாக நின்றிருந்தார். பாட்டையும் அப்பாவின் மிரட்டலையும் அவர் காதில் சொன்னேன். பாட்டை இரண்டு முறை கேட்டார், மனதில் பிடித்துக்கொண்டார்.

"கடைசி அடி வேணாம் குட்டி. ஜனம் அழ ஆரம்பிச்சா சில்லறை எடுக்க மறந்துடும்."

"யார் எழுதினதுன்னு சொல்வீங்க?"

"செத்துப்போன மாலுமி ஒருத்தன். ஏன், உன் பேரைச் சொல்லி உன்னை மடத்துக்கு அனுப்பவா?"

பிப்ரவரி 20

ஏன் செய்தேன்? அமாரோ எங்கள் கடை வாசலிலேயே நின்று அதைப் பாடுகிறார். சமையற்காரி சபேலா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே பாடுகிறாள்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? அந்த மாலுமியைக் கட்டிக்கறதா இருந்தியா?"

ஒவ்வொரு வரியும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் போல இருக்கிறது. தூக்கமே இல்லை. அலுத்துப்போய்விட்டது.

மார்ச் 2

ஒன்றுமில்லை. மழை.

மார்ச் 9

காலையில் அப்பா சவரம் செய்துகொண்டே முணுமுணுத்தார். என் பாட்டு. 'கடலே, ஒன்றைத் தந்தாய்' என்ற இடத்தில் நின்றார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அங்கேயே நின்றார்.

"அதுக்கு மேல என்ன? அந்த அமாரோ பாதியிலயே விட்டுட்டுப் போறான்."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பயந்து பயந்து களைத்துப்போயிருந்தேன்.

"'அண்ணன் கட்டிலடியில் அது ஜோடிக்குக் காத்திருக்கிறது'," என்றேன்.

கத்தி கன்னத்திலேயே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. சோப்பு நுரை காயும்வரை அப்படியே இருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கடை திறக்கப் போனார். பாதி தாடியோடு.

ராத்திரி சாப்பிடும்போதுதான் பேசினார், தட்டைப் பார்த்தபடி.

"ஜன்னலைச் சாத்திட்டு எழுது. வெளிச்சம் தெரு வரைக்கும் தெரியுது."

சாத்தியிருக்கிறேன். கண் சொக்குகிறது.