கரடி நட்ட பாலை

செவ்வாய், ஐப்பசி மழை தொடங்கி மூன்றாம் வாரம்.

சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்த குன்றின் மேற்குச் சரிவில் மூன்று வருடமாகப் பாலை மரக் கன்றுகள் நடுகிறேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. சரிவைக் கைவிடுவதா என்று முடிவெடுக்க இன்று கம்பனி முகாமையாளர் வருவதாக இருந்தது.

அவர் வந்து இறங்கும் நேரம், என்னோடு கன்று நடும் ரிஸானா சரிவின் மேலிருந்து கத்தினாள். "ராத்தா, ஓடி வாங்க! இது என்னண்டு பாருங்க!"

கல்லிடுக்கில் கரடி விட்டை கிடந்தது. அதிலிருந்து பதினொரு பாலை முளைகள் தலைநீட்டியிருந்தன. காட்டில் பழம் தின்ற கரடி இந்த மொட்டைக் குன்றில் ஏறி நடந்திருக்கிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முகாமையாளர் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"கரடி இஞ்ச வருதா?"

"ஓம் சேர். எங்களவிட அதுக்கு நல்லா நடத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப இந்தச் சரிவ விட ஏலாது. சுத்திவர முள்ளுப் போடுங்க."

பின்னேரம் வரை தேடியதில் இன்னும் இரண்டு இடத்தில் முளைகளைக் கண்டோம்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் திடுக்கிட்டார். "கரடி திரியிற இடத்துக்கா போற?"

பயம்தான். ஆனாலும் நாளை ரிஸானாவைக் கூட்டிக்கொண்டு முள்ளுப் போட விடிய வெள்ளெனப் போய்விடுவேன். வெளியே மழை நன்றாகப் பெய்கிறது. முளைகளுக்கு நல்லது.