மாட்டு மிஸ்

இன்று காலை வெயில் அடித்ததே பெரிய விஷயம். எல்.கே.ஜி. அறை விரிப்பைத் தூக்கி மதிலில் போட்டேன். ஒரு வாரத்து ஈர நாற்றமும் பிள்ளைகள் சிந்திய பால் வாடையும் மூக்கில் ஏறியதும் நீதான்டி வந்து நின்றாய், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலு காலில்.

மழை நாளில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. பால்பவுடர் டப்பாவை என் கையில் திணிப்பாய். "நீ தட்டு, நான் மாடாப் போறேன்." தட்டுகிற வரைக்கும் ஆட்டம். டப்பா ஓய்ந்ததும் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். ரோட்டில் காட்டுமாடு வந்தால் நம் ஊரில் நிற்போமே, அப்படி. நீ புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டு ஒவ்வொரு பிள்ளையாக மோந்து பார்ப்பாய். சிரித்த பிள்ளை தோற்றது. தோற்ற பிள்ளைக்கு உன் முதுகில் சவாரி. அப்புறம் எந்தப் பிள்ளை ஜெயிக்கும்? பள்ளிக்கூடமே உன்னை மாட்டு மிஸ் என்றுதான் கூப்பிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. "ஏண்டி, சேலை அழுக்காயிருமா?" என்று கேலி பண்ணுவாய்.

காய்ச்சல் என்று படுத்தவளை ஜீப்பில் ஏற்றினார்கள். மலை இறங்கி முடிப்பதற்குள் போய்விட்டாய். அதற்குப் பிறகு டப்பாவை நான் தொடவேயில்லை.

இந்த வருஷத்துப் பிள்ளைகள் உன்னைப் பார்த்ததே இல்லை. போன வாரம் அடைமழையில் ஒன்று அழ, வகுப்பே அழுதது. எனக்கு என்ன தோன்றியதோ, டப்பாவை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தரையில் இறங்கினேன். வடகவுஞ்சியிலிருந்து வரும் வாண்டு ஒருத்தி முதுகில் ஏறி, "மிஸ், வெரசாப் போங்க!" என்று விலாவில் உதைத்தாள். போனேன். விழுந்து விழுந்து சிரித்தேன். மணி அடித்த பிறகுதான் உறைத்தது, அவ்வளவு நேரமும் உன் நினைப்பே எனக்கு வரவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்றுச் சாயங்காலம் அந்த வாண்டின் அம்மா கேட்டில் நின்று, "மாட்டு மிஸ்ஸுங்கிறது நீங்கதானாங்க? வீட்டுல ஒரே உங்க பேச்சுத்தான்" என்றார். இல்லைங்க, அது என் சிநேகிதி, அவ இப்ப இல்ல என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமாங்க" என்று வந்துவிட்டது. உன் பேரை எடுத்துக்கொண்டேன்டி. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மனசு குத்தியது. இப்போதும் குத்துகிறது. ஆனால் நீயே வந்து கொடுடி என்று கேட்டாலும் கொடுப்பேனா, தெரியவில்லை.

முட்டி ரெண்டும் சிராய்த்துக் கெடக்கு. நாளைக்கும் மாடு வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.