கூவளக் கழிமுகத்து அணையை உடைத்த காரணம்

நீர் தன் எல்லையில் நிற்க. குடி தன் நிலத்தில் செழிக்க. வெண்கழி நாடாளும் கோமகள் இளவேண்மாள் தேவியார் திருவாணையால், கூவளக் கழிமுகத்து அணைக்காவல் நாயகர் விக்கியண்ணர் கண்டு கைக்கொள்ள விடுக்கும் ஓலை. உமது மனையும் மக்களும் நலமுற்று வாழ்க.

பரதவர் தலைவன் சாத்தன் பூதி, முன்னோர் எடுத்த கடலணையை மூன்றிடத்தில் உடைக்க முனைந்தான் என்றும், ஓரிடத்தை முன்னமே உடைத்துவிட்டான் என்றும், பகைவர் மரக்கலங்களுக்கு வழி திறப்பதே அவன் உள்ளக்கருத்து என்றும் ஆவணியில் நீர் எழுதினீர். ஐயுற்ற தேவியார், தம் ஒற்றர் பொன்னன் சேந்தனை உப்பு வாணிகர் கோலத்தில் அனுப்பினார்.

பகைவர்க்குத் துறை காட்டிக்கொடுத்த ஒருவனால் தமையனை இழந்தவர் சேந்தன்; ஆதலால் பூதியின் முகம் காணுமுன்பே அவனைக் குற்றவாளியென மனத்தில் தீர்த்துவிட்டார். வற்றிய சேற்றில் வரிவரியாய்க் கோடிட்ட கோல்கள் நட்டிருக்கக் கண்டு, கலங்களுக்கு இட்ட அடையாளம் என்றே எண்ணினார். ஊருக்கு அணித்தே புதிய உட்கரை எழுவதும் அவருக்குச் சூழ்ச்சியாகவே தோன்றிற்று. ஒன்பது நாள் பூதியைப் பின்தொடர்ந்தார்.

பத்தாம் நாள் பூதியே அவரை மறித்து, "வாணிகரே, இத்தனை நாளில் ஒருமுறையும் உப்பு விலை கேட்டீரில்லையே" என்றானாம். நாணிய சேந்தன் தாம் யாரெனச் சொல்லி, அணையை உடைத்த காரணம் வினவினார். "கழிக்குப் பரந்து படுக்க இடமில்லை, ஐயா. அணையை ஒட்டிய வயலில் ஆறாண்டாய் உப்பு பூத்துக் கிடக்கிறது. அதைக் கடலுக்கு விட்டுக்கொடுத்தால் ஊர் மிஞ்சும். கோல்கள் நீர்மட்டம் பார்க்க நட்டவை" என்றான். நம்பாத சேந்தன் கடற்பெருக்கு நேரத்தில் உடைப்பில் தாமே இறங்கி நின்றார். நீர் முழங்காலளவே. மரக்கலம் மட்டுமன்று, தோணியும் தரைதட்டும்.

அதன்பின் அவர் ஐயம் வேறிடம் சென்றது. உறுதியென்று நீர் எழுதிய வடபுற அணையைக் குத்திப் பார்த்தார். வைக்கோலும் சேறுமே கிடைத்தன. மூன்றாண்டாய் அணைக்கென அரண்மனை அனுப்பிய சங்குப் பொறிக் கற்களை உமது தாமரைக் குளத்துப் படித்துறையில் கண்டார்.

ஐப்பசிப் பௌர்ணமிப் பெருக்கில் உடைப்பின் வழி புகுந்த நீர் கைவிட்ட வயல்களில் பரவி, உட்கரையடியில் தணிந்து, வண்டலை விட்டு மீண்டது. வடபுற அணையோ நாற்பது பாக நீளம் சரிந்தது. உப்பளத்தார் எழுவர் வெள்ளத்தில் அகப்பட்டனர். பூதி தோணி செலுத்த, சேந்தன் கை தோல் உரியத் துடுப்பு வலித்தார். எழுவரும் பிழைத்தனர். கரையேறியதும் சேந்தன் பூதியின் கையைப் பற்றிக்கொண்டாராம்.

ஆதலின் ஆணையாவது: எஞ்சிய இரண்டு உடைப்புகளையும் பூதி அடுத்த பௌர்ணமிக்கு முன் திறப்பானாக. நிலம் இழந்தோர்க்கு உமது மேட்டு நிலத்தில் ஈடு அளிக்கப்படும். படித்துறைக் கற்களைப் பெயர்த்து, நீரே உடன்சென்று உட்கரைக்குச் சேர்ப்பீராக. அணை உறுதியென எழுதியது அறியாமையாலோ அறிந்தோ என்பதை அவையில் நேர்நின்று உரைப்பீராக.

மறுமொழி ஓலை வேண்டா. இவ்வோலையைக் கொணர்ந்து உமது வாயிலில் நிற்பவர் சேந்தனே. உம்மை அழைத்தன்றி அவர் மீளார்.

இது தேவியார் திருவாய்மொழி. சங்குப் பொறி இட்டது.