புதன்கிழமைப் பதிவு

நெய்வேலி
ஞாயிறு காலை

அன்பு மகன் அசோக்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இந்த வாரமும் முதல் ஷிப்ட். காடாம்புலியூரிலிருந்து அவர் சிநேகிதர் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினார், இரண்டே பேருக்கு அவ்வளவு பெரிய பழம் எதற்கு, சுளை எடுத்து பிளாக் முழுக்கக் கொடுத்துத் தீர்த்தேன். நீ எத்தனை தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். உன்மேல் கோபமெல்லாம் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து, அதெல்லாம் ஒன்றுமில்லை விடும்மா என்று பேச்சை மாற்றிவிடுவாய், உன் சிரிப்பைக் கேட்டால் நானும் சமாதானமாகிவிடுவேன். அப்படிச் சமாதானமாக எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

நீ புதிது வாங்கியதும் விட்டுப்போன மவுத் ஆர்கனை நான் எடுத்து ஊத ஆரம்பித்தது உனக்குத் தெரியும், என் குருமார்கள் இவர்கள்தான் என்று ப்ளூஸ் என்கிற அந்த அமெரிக்கச் சோகப் பாட்டை வாசிக்கிறவர்களின் வீடியோக்களை அனுப்பியதும் நீதான். தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் இரண்டு கையையும் குவித்து, திறந்து மூடி, அந்தச் சின்னப் பெட்டியை அழவைக்கிறாரே, அவரையும், ரயில் கிளம்புவதை வெறும் மூச்சிலேயே வாசித்துக் காட்டும் அந்தப் பெண்ணையும் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சமையல் முடிந்தால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டாவது ஓட்டையில் மூச்சை உள்ளே இழுக்கும்போது நாக்கைப் பின்னுக்குக் கொண்டுபோய் ஸ்வரத்தைக் கீழே வளைக்கச் சொன்னார் பெரியவர், எனக்கோ கன்றுக்குட்டி கத்துகிற மாதிரித்தான் வந்தது. பாட்டெல்லாம் அப்புறம், முதலில் இந்த ஒரு சத்தம் வரும்வரை இதையே இழுத்துக்கொண்டிருங்கள் என்றார். நானும் இழுத்தேன், வாரக்கணக்காக, காலையில் ஆரம்பித்தால் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை. இந்த வயதில் யாருக்காகவும் இல்லாமல் எனக்கே எனக்கென்று ஒரு வேலை, அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நமக்கு நேர் மேல்வீட்டில் இசக்கிமுத்து என்று ஒரு தம்பி இருக்கிறான், நீ போன பிறகு வந்தவன், தென்காசிப் பக்கம். மைன்ஸில் நிலக்கரி போகும் பெல்ட்டில் வேலை, கான்ட்ராக்டில் இருந்தவனை இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள், பர்மனென்ட் ஆக இன்னும் கொஞ்ச நாள் பாக்கி. அவன் பெண்டாட்டி மாரியம்மாள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். நம் பிளாக் வழக்கம் உனக்குத் தெரியும், வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தால் பால்கனிக் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுவைப்போம், அதைப் பார்த்தால் யாரும் மிக்சி போடமாட்டார்கள், முத்தாண்டிக்குப்பத்துக் கீரைக்காரம்மாகூடக் கூவாமல் நடந்துவிடும். நானும் தினமும் வெளியே வந்து மேலே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாசிக்க உட்கார்ந்தேன், துண்டு இல்லை. நம் பிளாக்கில் துண்டு போடுவது பெண்கள்தான், ஆம்பிளைகள் போட்டு நான் பார்த்ததே இல்லை. மாரியம்மாளுக்குப் பலகாரம் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டவளே நான், போடுகிறவள் தாய்வீட்டில் இருக்கும்போது துண்டு எப்படித் தொங்கும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை பார்.

புதன்கிழமை அந்தச் சத்தம் வந்துவிட்டது. உடனே போனில் பதிவு செய்து உனக்கு அனுப்பினேன். வந்துவிட்ட குஷியில் வியாழன், வெள்ளி இன்னும் அதிகமாக ஊதினேன். வெள்ளி ராத்திரி வேலையில் இசக்கிமுத்து இரும்புப் படியில் இறங்கும்போது கண் அசந்து விழுந்து வலது தோள்பட்டை எலும்பு முறிந்துபோனது. மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பகலில் தூங்காமல் என்னடா செய்தாய் என்று அப்பா அதட்டினார். டிவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் சார் என்றான், ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். அப்பா டாக்டரைப் பார்க்க வெளியே போனதும் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான், “எக்கா, புதன்கிழமை அந்த நீட்டி இழுக்கது சரியா வந்துட்டுல்லா? பொறவுதான் நானும் கொஞ்சம் தூங்குனேன்.” குத்திக் காட்டவில்லையடா, நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டுச் சொன்னான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன், அப்பாவை மனதில் வைத்து, போர்மேன் சார் வீட்டில் எப்படிக்கா சொல்ல என்றான்.

திங்கட்கிழமையே ஆபீசில் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வாசலில் நின்றுகொண்டு, “நீ போய்ச் சொன்னா உன் மனசு லேசாயிடும் தேவயானி. அவன் விசாரணையில பொய் சொன்னவன்னு ஆயிடும், வேலையும் போயிடும்” என்றார். திரும்பி உள்ளே வந்துவிட்டேன். இசக்கிமுத்துவிடமே கேட்டேன், அவனும் ஒற்றைக் கையைத் தூக்கிக் கும்பிட்டு வேண்டாம் என்கிறான். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், மூன்று வேளைச் சாப்பாடும் நான்தான் மாடிக்குக் கொண்டுபோகிறேன், துணியும் துவைத்துப் போடுகிறேன், அவன் கூச்சத்தில் நெளிகிறான். மாரியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சாயங்காலமானால் போன் செய்து, கீழ்வீட்டில் நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று அழுகிறாள். பரவாயில்லம்மா என்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவனுக்கு வேலை உறுதியான அன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அப்புறம் அவள் என் முகத்தில் முழிக்கிறாளோ இல்லையோ. அதுவரை இந்தப் புழுக்கத்தை நான் பட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த நிலைமையில்தான், அம்மா வாசித்ததை நெட்டில் போட்டேன், தொப்பிக்காரப் பெரியவரே கேட்டுவிட்டுப் பாராட்டி எழுதியிருக்கிறார் என்று நீ குதித்துக்கொண்டு மெசேஜ் அனுப்புகிறாய். வேறு எந்த நாளாக இருந்தாலும் பிளாக் முழுக்கக் காட்டிப் பெருமையடித்திருப்பேன். அதை இன்றைக்கே எடுத்துவிடு ராஜா. ஊதுவதை நிறுத்து என்று யாரும் என்னைச் சொல்லவில்லை, எனக்குத்தான் அதை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. நீயும் அடுக்குமாடியில்தானே வாசிக்கிறாய், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், எந்நேரம் தூங்குவார்கள் என்று கதவைத் தட்டிக் கேள். சும்மா இருக்கிறார்கள் என்பதால் தொந்தரவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி சீக்கிரம் படு, நீண்ட ஆயுளோடும் நல்ல மனசோடும் நீ இருக்க அம்மா அப்பாவின் ஆசீர்வாதம் என்றும் உண்டு. பதிவை எடுக்க மறந்துவிடாதே. அதில் பின்னால் டொக் டொக் என்று காலால் தாளம் போட்டது நீயாம்மா, என் நண்பர்கள் எல்லாம் அதைத்தான் மெச்சுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நான் சப்பணம் போட்டு உட்கார்ந்துதான் வாசித்தேன் கண்ணா. அது மேல்வீட்டு இரும்புக் கட்டில், அந்தப் பிள்ளை தூக்கம் வராமல் புரண்டு படுத்த சத்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவயானி கருணாகரன்